இருபத்தொன்றாம் மாதம் வரை

பிள்ளைத்தமிழ் பாடம் நடத்தும்போது மாதக் கணக்கைச் சொல்லாமல் தொடங்க முடியாது. காப்புப் பருவம் மூன்றாம் மாதம். செங்கீரை ஐந்து, தால் ஏழு, சப்பாணி ஒன்பது, முத்தம் பதினொன்று, வாரானை பதின்மூன்று, அம்புலி பதினைந்து. ஆண்பாற் பிள்ளைத்தமிழாக இருந்தால் சிற்றில், சிறுபறை என்று ஏறிப் போய்ச் சிறுதேர் இருபத்தொன்றாம் மாதத்தில் முடியும். பாட்டியல் நூல்கள் இரண்டிரண்டு மாதமாக அடுக்கிவைத்த இந்தக் கணக்கை மாணவிகள் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஒரு வருடம், முதுகலை வகுப்பில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “இத்தனை மாசமும் பக்கத்துல உக்காந்து பாடிக்கிட்டே இருந்தாங்களா மேடம்? வேலைக்குப் போகலையா?”

வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. பிள்ளைத்தமிழ் பாடிய தாய் வேலைக்குப் போகவில்லை. அவள் தாயும் இல்லை. மீனாட்சியம்மைக்குப் பாடிய குமரகுருபரர் துறவி. குழந்தையின் மலத்தையும் சளியையும் நடுராத்திரிக் காய்ச்சலையும் நீக்கிவிட்டுத் தாயின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்துப் பருவமும் மணக்கத்தான் செய்யும். அதில் எனக்குப் புகார் இல்லை, இலக்கியம் அப்படித்தான். ஆனால் அந்த மாதக் கணக்கு என்னை விடவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம் வரை. நம் நாட்டில் எந்த ஏற்பாடும் கைகொடுக்காத காலம் சரியாக அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு உதவிச் சட்டம் கொடுத்தது 12 வாரம், அதாவது காப்புப் பருவம் வரை. 2017-இல் அது 26 வாரமாயிற்று. தமிழ்நாடு அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம். களை வெட்டுகிறவளுக்கும் கட்டட வேலைக்குப் போகிறவளுக்கும் சம்பளத்தோடு விடுப்புத் தர முதலாளி என்று ஒருவரே கிடையாது. மறுமுனையில் அங்கன்வாடி இருக்கிறது. நம் மாநிலத்தில் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட இரண்டு வயதாக வேண்டும். நடுவில் கிடக்கிற மாதங்களுக்குப் பாட்டு மட்டும்தான்.

என் மகள் 2011-இல் பிறந்தாள். அப்போது நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்த்தேன். விடுப்பு மூன்று மாதம், சம்பளம் கிடையாது, நான்காம் மாதம் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். முனைவர் பட்ட ஆய்வேடும் பாதியில் கிடந்தது. கணவருக்கு வெளியூரில் வேலை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு, நைனார்பாளையத்துக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறினால் மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும் பருத்தியுமாகக் கொல்லைகள் வரும். வானம் தெளிவாக இருக்கிற நாளில் தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். மகள் பிறந்தபோது விழுப்புரம் மாவட்டம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டம் மாறியதில் பெண்களின் வேலை மாறவில்லை. மக்காச்சோளத்துக்குக் களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெண்கள் வேலைதான்.

அந்த வேலைக்குப் போன பெண்கள் கைப்பிள்ளையை என்ன செய்தார்கள்? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தது இரண்டு வழி. கொல்லையோரத்து வேப்பமரத்தில் வரிசையாகத் தூளி கட்டி, குனிந்து களை எடுக்க முடியாத ஒரு ஆயாவை உட்காரவைப்பது ஒன்று. (எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. பால்வாடியில் சோறு ஆக்குகிறவளும் ஆயா. சம்பளம் வாங்குகிறவளுக்கும் வாங்காதவளுக்கும் ஒரே பெயர் வைத்த ஊர்.) இன்னொரு வழி, மூத்த பெண்பிள்ளை. நான்காம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அவன் அழுதான். வாத்தியார் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். களைவெட்டு முடிகிற வரை அவள் வரவில்லை, அடுத்த வருடம் வரவேயில்லை. ‘அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது, பிள்ளை வளர்ந்ததே தெரியாது’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவள் இடுப்புதான் நினைவுக்கு வரும். பிள்ளை வளர்ந்தது யாருக்குத் தெரியாது?

நான் ஊருக்கு வந்தபோது எங்கள் தெருவில் ஒன்றரை வயதுக்குள் ஆறு பிள்ளைகள். ஆறு அம்மாக்களில் ஒருத்தி தனியார் நர்சரிப் பள்ளி டீச்சர், ஒருத்தி சின்னசேலத்தில் ஜவுளிக்கடை வேலை, ஒருத்தி வீட்டிலேயே தையல், இரண்டு பேர் கொல்லை வேலை, பிறகு நான். ஆறு வீட்டிலும் மாமியாரோ அம்மாவோ இருந்தார்கள். அவர்களுக்கும் மாடு இருந்தது, மூட்டுவலி இருந்தது, அவர்களே கூலிக்குப் போனார்கள். யோசனை சொன்னவள் கொல்லை வேலைக்குப் போகிற அண்ணி. காலையில் பால் ஊற்றிவிட்டு வந்தவள் காலிக் கேனைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “பாலுக்குச் சொசைட்டி வச்சிருக்கான். பாலு குடிக்கிற புள்ளைக்கு ஒண்ணுங் கெடையாது.”

ஆட்களை மாற்றிக்கொள்வது விவசாயம் செய்கிறவர்களுக்குப் புதிதில்லை. இன்று உன் கொல்லையில் நான், நாளை என் கொல்லையில் நீ. சீட்டுக் கட்டுவதும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் வந்துவிட்டது: ஆறு பேர், ஆறு நாள், ஆளுக்கு ஒரு நாள். உன் முறை வந்தால் ஆறு பிள்ளைகளும் உன் வீட்டில். மற்ற ஐந்து நாளும் உன் கை காலி. தெருக்காரர்கள் அதைப் பிள்ளைச்சீட்டு என்று கிண்டலாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பெயர் நன்றாக இருக்கிறதென்று நாங்களே வைத்துக்கொண்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். யார் என்ன சாப்பிட்டது, யாருக்கு வயிற்றுப்போக்கு, யார் விழுந்தது என்று அன்றன்று எழுதிவைப்பது டீச்சரின் யோசனை. தண்ணீர்த் தொட்டி மூடியிருக்க வேண்டும், அடுப்பு மேடையில் இருக்க வேண்டும், மாட்டுக் கொட்டகைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். மூன்றே விதி.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, உலகத்தில் எத்தனையோ தெருக்களில் எத்தனையோ பேர் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1941-இல், கணவன்மார் போருக்குப் போயிருக்க, வெலிங்டன் நகரத்துத் தாய்மார்கள் முறைவைத்துப் பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். ‘ப்ளேசென்டர்’ என்று அது நாடெங்கும் பரவி இன்றும் பெற்றோர் கையில்தான் நடக்கிறது. லண்டனில் 1961-இல் பெல் டுடேவ் என்ற தாய் தன் மகளுக்கு மழலையர் பள்ளியில் இடம் கிடைக்காமல், தானே ஒன்று நடத்திக்கொண்டு, கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து ஒரு சங்கமே எழுந்தது. இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியாவுக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற கிராமம். 1945-இல் ஜெர்மன் ராணுவம் விட்டுவிட்டு ஓடிய ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தக் காசில் ஊர்க்காரர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். டாங்கியை விற்றுத் தொட்டில் என்பது எந்தக் கவிஞருக்கும் ஆசை காட்டுகிற வரி. நான் எழுதவில்லை, அவர்களே செய்துவிட்டார்கள்.

பெண்ணிய வரலாற்றில் முக்கியமானது மேற்கு பெர்லின். 1968-இல் காலியாகக் கிடந்த கடைகளை வாடகைக்கு எடுத்துப் பெண்கள் பிள்ளைப் பராமரிப்பு நடத்தினார்கள். அதனால் அதற்குக் ‘கிண்டர்லாடன்’, பிள்ளைக்கடை, என்றே பெயர். அந்த வருடம் செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த சோசலிச மாணவர் மாநாட்டில் ஹெல்கே சாண்டர் எழுந்து, வீட்டுக்குள் நடக்கிற சுரண்டலையும் அரசியலாகப் பேசுங்கள் என்றார். தோழர்கள் விவாதிக்காமல் அடுத்த அலுவலுக்குப் போனார்கள். கூட்டத்திலிருந்த இன்னொரு பெண் மேடையை நோக்கித் தக்காளி வீசினார். 1970-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டனின் பெண் விடுதலை இயக்கம் கூடியபோது முன்வந்த நான்கு கோரிக்கைகளில் ஒன்று, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் இலவசக் குழந்தைகள் காப்பகம். இருபத்துநான்கு மணி நேரம் என்று ஏன் கேட்டார்கள் என்று இரவு ஷிப்ட் பார்க்கிற ஒரு நர்ஸிடம் கேட்டால் சொல்வாள்.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கே அது பெற்றோர் கூட்டுறவிலிருந்து வரவில்லை. டெல்லியில் 1969-இல், காந்தி நூற்றாண்டுக்காக ராஜ்காட் அருகே நடந்த கட்டட வேலைத்தளத்தில் வெயிலில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் கூடாரம் போட்டார். அதுதான் மொபைல் கிரஷஸ். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் கொடுத்த அறிக்கைக்குப் பின்னால் 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது. நம் ஊர்ப் பெண்கள் அங்கன்வாடியைப் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். பால் ஊற்றுகிற இடம் என்று நினைத்துக்கொள்வதும் உண்டு. அது ‘பால்’ என்ற வடநாட்டுச் சொல், பிள்ளை என்று பொருள், வாடி, தோட்டம். அகமதாபாத்தில் சேவா அமைப்பின் பெண்கள் பிள்ளைப் பராமரிப்பையே ஒரு கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தார்கள், ‘சங்கினி’ என்ற பெயரில். அண்ணி கேட்ட சொசைட்டி குஜராத்தில் இருந்திருக்கிறது.

2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டத்தில்கூட ஒரு வரி இருந்தது. வேலைத்தளத்துக்குப் பெண்களோடு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். பிள்ளை பார்ப்பது மண் வெட்டுவதற்குச் சமமான வேலை என்று இந்திய அரசு ஒப்புக்கொண்ட அரிய வரி அது. எங்கள் தெருப் பெண்களுக்கு நான் வாசித்துக் காட்டியபோது ஒருத்தி சொன்னாள், “அப்ப புள்ளயக் கூட்டிக்கிட்டு வராதேன்னு சொல்லிடுவான்.” சட்டத்தை அவள் என்னைவிட வேகமாகப் படித்தாள்.

பிள்ளைச்சீட்டு இரண்டாவது மாதமே முட்டியது. ஆளுக்கு ஒரு நாள் என்பது கேட்கச் சமம். எனக்குச் சனிக்கிழமை கல்லூரி இல்லை, ஆகவே என் முறை சனிக்கிழமை. எனக்கு இழப்பே கிடையாது. அண்ணிக்கு முறை என்றால் அன்றைய கூலி போயிற்று. டீச்சருக்கு லீவு போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள், தையல்காரிக்குத் துணி தேங்கும். நியூசிலாந்திலும் லண்டனிலும் இந்தக் கூட்டுறவுகள்மேல் வந்த விமர்சனம் இதுவேதான்: பகலில் நேரம் இருக்கிற தாய்க்குத்தான் இது ஒத்துவரும், சம்பளத்துக்கு ஓடுகிறவளுக்கு நேரத்தைக் கொடுக்கச் சொன்னால் எங்கே போவாள். நாங்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் காசு போட ஆரம்பித்தோம். மாதச் சம்பளம் வாங்குகிற மூன்று பேரும் மாதா மாதம் போட வேண்டும். கொல்லை வேலைக்காரி முறை பார்க்கிற அன்று அதிலிருந்து அரைக் கூலி எடுத்துக்கொள்வாள். முழுக் கூலி கொடுத்தால் அவள் வேலைக்காரி ஆகிவிடுவாள் என்று அண்ணியே சொன்னாள். அவள் வார்த்தையை அன்று நான் முழுதாகப் புரிந்துகொள்ள ஒரு தேவை வரவில்லை. பிறகு வந்தது.

அதற்கு முன் ஆண்களைப் பற்றிக் கொஞ்சம். ஒரு முறை தையல்காரிக்குக் காய்ச்சல். அவள் கணவர் அன்றைய முறையைத் தானே பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்தார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது, ஒரு பாட்டி அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், ஒரு வாரம் அந்தப் பேச்சுதான். நாங்கள் அதுவரை முறைபார்த்த நாட்களில் எங்கள் ஆறு பேரில் ஒருத்திக்கும் மோர் வரவில்லை. ‘பெற்றோர்’ என்று இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்கிற சொல்லை நம் மொழி எவ்வளவு பெருந்தன்மையாக வைத்திருக்கிறது!

மூன்றாவது மாதம் அண்ணியோடு களைவெட்டுக்கு வருகிற ஒரு பெண் கேட்டாள். காலனியில் இருப்பவள், பத்தாவது வரை படித்தவள், பிள்ளைக்கு பதினோரு மாதம். “நானும் சேந்துக்கறேன். எனக்கும் ஒரு நாளு குடுங்க.” கொல்லையோர மரத்தில் அவள் பிள்ளையின் தூளியும் அண்ணி பிள்ளையின் தூளியும் ஒரே கிளையில் தொங்கியிருக்கின்றன. ஆனால் தூளி வேறு, தெரு வேறு. ஊர்த்தெரு, காலனி என்ற சொற்களை விளக்க வேண்டிய அவசியம் இதைப் படிக்கிற யாருக்கும் இருக்காது.

கவனித்துப் பார்த்தேன், அவள் பிள்ளை வருவதை எங்கள் தெருவில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ‘பாவம், புள்ள என்ன பண்ணும், வந்து வெளையாடட்டும்’ என்றார்கள். இரக்கத்துக்கு இடம் இருந்தது. தடுத்தது அவளுடைய முறை. அவள் கையால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்பது. ஒரு மாமியார் சமரசம் ஒன்று சொன்னார்: அவள் வந்து நம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், சோறு நாம் ஊட்டிக்கொள்ளலாம், அவளுக்கு முழுக் கூலியே கொடுத்துவிடலாம். கேட்க நியாயம்போல இருந்ததுதான் அதன் சாமர்த்தியம். அவள் ஒரே வார்த்தையில் மறுத்தாள். “எம் மொறைன்னா எங்க ஊட்லதான்.”

அண்ணியின் அரைக் கூலிக் கணக்கு எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. எங்கள் திண்ணையில், முழுக் கூலிக்கு என்றால் அவள் ஆயா. தன் வீட்டில், தன் முறைக்கு என்றால் எங்களில் ஒருத்தி.

தமிழ் இலக்கியத்தில் பிள்ளை வளர்க்கிறவளுக்குப் பெயர் இருக்கிறது. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அகப்பாடல்களில் செவிலிக்குக் கூற்று உண்டு, உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் கால் தேய நடக்கிறவளும் அவள்தான். தலைவியின் தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவு சொல்கிறது. வகுப்பில் இதை நெகிழ்ச்சியான உறவாகத்தான் நடத்துவோம். எனக்கு இப்போது அப்படி நடத்த வருவதில்லை. தாய் அந்த வீட்டுப் பெண்ணை வளர்க்கிறாள், மகள் அதே பெண்ணுக்குத் தூது போகிறாள், இரண்டு தலைமுறை உழைப்பு ஒரு வீட்டுக்குப் போகிறது. தோழி கைக்குழந்தையாக இருந்தபோது அவளை யார் பார்த்துக்கொண்டார்கள்? அந்தக் கூற்று எந்தத் தொகையிலும் இல்லை.

பிள்ளைச்சீட்டிலிருந்து இரண்டு பேர் விலகினார்கள். சண்டை இல்லை. ஒருத்தி, மாமியார் இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்வார் என்றாள். மற்றவள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை அனுப்புவதை நிறுத்திக்கொண்டாள். அண்ணி, டீச்சர், தையல்காரி, நான், காலனிப் பெண் என்று ஐந்து பேர் மிஞ்சினோம். மீதி ஒரு நாளை என் அம்மா எடுத்துக்கொண்டாள். காலனி முறை செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை பஸ்ஸுக்கு நான் போய்விடுவேன் என்பதால் மகளைத் தூக்கிக்கொண்டு போவது அம்மா. அறுபது வயதுவரை அந்தத் தெருவுக்குள் கால்வைக்காதவள். முதல் வாரம் ரோட்டிலேயே நின்று பிள்ளையைக் கைமாற்றிவிட்டு வந்தாள். சில வாரம் கழித்து வேப்பமரம் வரை போனாள். பிறகு உள்ளேயே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரத் தொடங்கினாள், வர ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் வாங்கிக் குடித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது என் கதையாகிவிடும், அவள் கதையாக இருக்காது.

நோட்டில் அவள் எழுதிய பக்கங்கள் எங்கள் எல்லோருடையதையும்விடத் தெளிவு. ‘அஞ்சு புள்ளைங்க. காலையில கேழ்வரகுக் கூழு, மத்தியானம் பருப்புச் சோறு. ரெண்டு பேருக்குச் சளி. சோறு மீதியில்ல.’ அவளைப் பற்றி நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். அவள் இதைப் பற்றி எழுதினால் வேறு மாதிரி இருக்கும், எங்கள் மூன்று விதிகளுக்குப் பக்கத்தில் அவள் மனதுக்குள் வைத்திருந்த விதிகளும் வரும்.

ஒன்றரை வருடம் நடந்தது. மூத்த பிள்ளைகளுக்கு இரண்டு வயதானதும் பால்வாடிக்குப் போனார்கள், பிறகு மஞ்சள் வேன் வந்து எல்.கே.ஜி.க்கு அள்ளிக்கொண்டு போனது. அந்த வேனில் காலனிப் பிள்ளை ஏறவில்லை, அரசுப் பள்ளிக்கு நடந்து போனது. நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன், வேறு ஊருக்கு வேலை மாறினேன். அண்ணிக்கு இப்போது பேரன் இருக்கிறான். மருமகள் சின்னசேலத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அந்த மருமகள் நோட்டைக் கேட்டாள். தெருவில் இப்போது நான்கு பிள்ளைகளாம், காலனியிலும் இரண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “ஆளுக்கு ஒரு நாளுன்னா சரி அத்தை, மொறக்காரிக்கே காய்ச்சல் வந்துட்டா என்னா பண்ணீங்க?” என்றாள். முந்தின நாள் ராத்திரிக்குள் சொல்லிவிட வேண்டும், அடுத்த நாள்காரியோடு முறையை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் முடியாவிட்டால் வீட்டுக்காரர் பார்க்கட்டும், ஆனால் மோர் கொடுக்காதீர்கள் என்றேன்.